ஆணியில் தொங்கிய நீலக்கட்டச் சேட்

இதை நம்புங்கள் என்று கெஞ்சப் போவதில்லை. ஆனால் நடந்தது. கிண்ணியாவுக்குப் போய் அஸீம் என்று விசாரித்தால் ஆளைக் காட்டுவார்கள். இந்தக் கதையை எடுத்தால் மட்டும் எழும்பிப் போய்விடுவான். ஒரேயொரு நாள் வாய் திறந்தான். அன்று சொன்னது இது.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு. திருகோணமலைத் துறைமுகத்துக்குப் போகும் வீதியில் வேலாப்போடியின் ஸ்டூடியோ இருந்தது. முன்னறையில் கொம்பியூட்டர். திரைச்சீலைக்கு அப்பால் படம் பிடிக்கும் அறை. அஸீம் கிண்ணியாவிலிருந்து நாளாந்தம் பாதை என்ற மிதவைப் படகேறிக் கடலைக் கடந்து வந்து, வேலாப்போடி பிடிக்கும் படங்களைத் திருத்தி அச்சடித்துக் கொடுப்பான். எந்தச் சந்தியிலும் அடையாள அட்டை கேட்ட காலம். வேலைக்குக் குறைவில்லை.

ஒருநாள் திரியாயிலிருந்து செல்லத்தம்பி என்பவர் படமெடுக்க வந்தார். நீலக்கட்டம் போட்ட சேட் உடுத்திருந்தார். அடையாள அட்டைப் படத்துக்குக் கட்டம் சரிவராது என்று, ஸ்டூடியோவின் வெள்ளைச் சேட்டை உடுக்கச் சொன்னார் வேலாப்போடி. படம் பிடித்து முடிந்ததும் துறைமுகப் பக்கம் பெரிய வெடிச்சத்தம். கடைகள் படபடவென்று கதவடைத்தன. செல்லத்தம்பி வெள்ளைச் சேட்டோடேயே ஓடினார்.

நீலச் சேட் ஆணியில் தொங்கியது. எடுக்க அவர் வரவேயில்லை.

சில நாள் கழிய, காலையில் அஸீம் வேலைக்கு வந்த கையோடு ஊரடங்கு போட்டுவிட்டார்கள். பாதை ஓடவில்லை. அஸீம் ஸ்டூடியோவுக்குள் அடைபட்டான். பொழுது போக வேண்டுமே. கொம்பியூட்டரில் வீதிச்சண்டை விளையாட்டொன்று இருந்தது. அதில் நடமாடும் வெள்ளைக்காரர்களுக்கு எங்கள் உடுப்பை மாட்டிப் பார்க்க அவனுக்கு நெடுநாள் ஆசை.

"அதெப்பிடித் தம்பி மாட்டுறது?" என்று கேட்டார் வேலாப்போடி.

"உடம்பை ஒண்டும் செய்யத் தேவையில்ல அண்ணன். உடம்பு களிமண் பொம்மை மாதிரி. அதுக்கு மேல சுத்தியிருக்கிறது வெறும் படம். அந்தப் படத்தை மாத்தினாச் சரி."

அந்தப் படத்தைத் திறந்து காட்டினான். முன்பக்கம், முதுகு, கை எல்லாம் தையற்காரன் வெட்டிப் பரப்பிய துணிபோல் தனித்தனியாகக் கிடந்தன. ஆணியில் தொங்கிய நீலச் சேட்டை முன்பக்கம் மட்டும் கமராவில் பிடித்து அதில் ஒட்டினான். முதுகுக்கும் அதே கட்டங்களைப் பிரதி பண்ணி நிரப்பினான்.

முதல் தரம் படத்தின் அளவு பிழைத்தது. ஆள் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளையாக வந்தான். இரண்டாம் தரம் சேட்டுப் பை முகத்தில் ஏறியது. இரண்டு பேரும் வயிறு நோகச் சிரித்தார்கள். மூன்றாம் தரம் அச்சாவாகப் பொருந்தியது.

விளையாட்டு வீதியில் எல்லோரும் நடந்தார்கள். நீலச் சேட்காரன் மட்டும் நடக்கவில்லை.

சுவரைப் பார்த்தபடி நின்றான்.

அஸீமுக்கு அது விளங்கவில்லை. நிறம் மாற்றினால் நடை மாறாது. கிட்டப் போய்ப் பார்த்தான். இடப்பக்கத் தோளுக்குக் கீழே, முதுகில், ஒரு கரும்புள்ளி.

படத்தைத் திறந்து பார்த்தான். முதுகு துப்புரவாக இருந்தது. திரும்ப விளையாட்டுக்குள் போனான். புள்ளி இப்போது ஓட்டையாகியிருந்தது. அதிலிருந்து ஏதோ கீழே வழிந்திருந்தது...

"நீ பூசினதோ?"

"இல்ல அண்ணன். சத்தியமா."

பகல் இரண்டேகால். வெளியே கொளுத்தும் வெயில். வீதியில் ஒரு காகம்கூட இல்லை.

சொட்... சொட்...

அஸீம் ஸ்பீக்கரை அணைத்தான்.

சொட்... சொட்...

சத்தம் திரைச்சீலைக்கு அப்பாலிருந்து வந்தது.

வேலாப்போடிதான் சீலையை இழுத்தார். ஆணியில் சேட். தோய்த்துப் பிழியாமல் போட்டதுபோல் ஊறிக் கிடந்தது. கூரை காய்ந்திருந்தது. அறை முழுக்கக் கடல் நாற்றம்.

அஸீம் திரும்பிப் பார்த்தான்.

கொம்பியூட்டர் திரையில் நீலச் சேட்காரன் இந்தப் பக்கம் திரும்பியிருந்தான்.

சேட் இருந்தது. கை இருந்தது.

முகம் இல்லை...

அஸீம் வயரைப் பிடுங்கினான்.

ஊரடங்கு எடுத்த பிறகு, ஒரு முற்பகல் சீதேவி என்ற பெண் வந்தாள். செல்லத்தம்பியின் மனைவி. கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

"அவர் இங்க படமெடுத்தவராம். முப்பத்தொண்டாம் நாள் சடங்குக்கு வைக்க வீட்டில ஒரு படமும் இல்ல அண்ணன்."

வேலாப்போடி கதிரையைக் கொடுத்து இருத்தினார். "என்ன பிள்ள நடந்தது?"

"வெடி வெடிச்ச அண்டைக்கு வீட்டுக்கு வரேல்ல. மூண்டாம் நாள் கடலிலயிருந்து எடுத்தவை. முகம் எண்டு ஒண்டுமில்ல. சேட்டைப் பாத்துத்தான் அவரெண்டு சொன்னனான். நீலக்கட்டம். முதுகில, இடப்பக்கத் தோளுக்குக் கீழ துப்பாக்கிச் சூடு பட்ட ஓட்டை. அந்தச் சேட்டோடயே எரிச்சாச்சு."

வேலாப்போடி தன்னையறியாமல் உள்ளறையைப் பார்த்தார். சீதேவியும் பார்த்தாள்.

எழும்பிப் போய் ஆணியிலிருந்து சேட்டைக் கழற்றினாள். காய்ந்து மொரமொரவென்று இருந்தது. கழுத்துப் பொத்தானைத் தடவினாள். "இந்தக் கறுப்பு நூல் நான் போட்டது," என்றாள். பிறகு மெல்ல முதுகுப் பக்கம் திருப்பினாள்.

ஓட்டை இல்லை. ஒரு கீறல்கூட இல்லை.

அவளுடைய விரல் அந்த இடத்தையே தேடிக்கொண்டிருந்தது. முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அஸீமை மிகவும் பயப்படுத்தியது அந்த வெளிச்சம்தான்.

"இஞ்ச பாருங்கோ... அவற்ற சேட் இஞ்ச கிடக்கு. அப்ப நாங்கள் எரிச்சது ஆரை?"

திரையில் அதே இடத்தில் கண்ட ஓட்டையைப் பற்றி அஸீமுக்குச் சொல்ல இருந்தது. சொல்ல முடியவில்லை.

வேலாப்போடி படத்தை உறையில் போட்டு நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"வேண்டாம் அண்ணன். உயிரோட இருக்கிற மனிசனுக்கு மாலை போடக் கூடாது."

சேட்டை மடித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

சீதேவி முப்பத்தோராம் நாள் சடங்கைச் செய்யவேயில்லை என்று திரியாயிலிருந்து வந்தவர்கள் பின்னர் சொன்னார்கள். பின்னேரங்களில் அந்தச் சேட்டைத் தோய்த்துக் கொடியில் போடுவாளாம். எத்தனை வெயில் எறித்தாலும் அது காய்வதில்லையாம்.