மலைக்கு ஒரு ஜோடி

அவள் பதினோரு வருடமாக சைக்கிளில் வீடு வீடாகப் பார்சல் கொடுப்பவள். பாதி வேலை மாடிப்படி ஏறுவதுதான் என்பதால் காலில் எப்போதும் அடிப்பாகம் வளைந்து கொடுக்கும் கேன்வாஸ் ஷூ. அடுத்த மாத மலைப்பாதைப் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்ததும், பெடலில் பூட்டிக்கொள்ளும் கெட்டியான ஷூ ஒரு ஜோடி வாங்கி, அதற்கேற்ற பெடலையும் சைக்கிளில் மாட்டினாள்.

"இருக்கறது ரெண்டு கால். மரவட்டை தோத்துடும் போல," என்றார் பஸ் ஓட்டும் கணவர்.

பழகட்டும் என்று மறுநாள் அதையே வேலைக்குப் போட்டுப் போனாள். சிவப்பு விளக்கில் சைக்கிள் நின்றது, பெடல் காலை விடவில்லை. அத்தனை பேர் பார்க்க, வெட்டிய மரம் போலப் பக்கவாட்டில் சாய்ந்தாள். தூக்க வந்தவர்களிடம், "என்னை விடுங்க, பார்சலப் பாருங்க!" என்று சீறினாள்.

"போதும், அதத் திருப்பிக் குடுத்துடு," என்றார் கணவர்.

"ஷூ மேல தப்பில்ல. மலைக்கு வாங்கினத, சிக்னலுக்கு சிக்னல் நிக்கிற வேலைக்குப் போட்டது என் தப்பு."

அன்றிலிருந்து தினமும் மாலையில் சமையலறைச் சுவரைப் பிடித்தபடி சைக்கிளில் உட்கார்ந்து, குதிகாலை வெளிப்பக்கம் திருகித் திருகிக் காலை விடுவித்துப் பழகினாள். சுவரில் அவள் கைத்தடம் கறுத்துப்போனது.

பந்தயத்தன்று, பாதிப் பேர் இறங்கித் தள்ளும் செங்குத்தான வளைவில், கணவர் கேன்வாஸ் ஷூவும் கையுமாக நின்றார். "இத மாத்திக்கிட்டு நடந்து வா!"

மூச்சிரைக்க மிதித்து அவரைத் தாண்டினாள். "பத்திரமா வெச்சிருங்க, நாளைக்கு வேலைக்கு வேணும்!"