வேண்டாமென்று கழற்றிய தகரம்

எங்கள் பட்டறைக்கு வந்ததெல்லாம் கிணற்று இன்ஜின்கள், தண்ணீரால் குளிர்பவை. அப்படிப் பழகிய என் தலையில், எழுபதுகளின் கடைசியில், எங்கள் ஊர் மலையைத் தேடி வந்த வெள்ளைக்காரர் ஒருவர் ஓடாத பழைய காரைக் கட்டிவிட்டு ஊருக்குப் போய்விட்டார். அதில் ரேடியேட்டரே கிடையாது. பின்பக்கம் இருந்த இன்ஜினை ஒரு விசிறிதான் குளிர்விக்கும்.

மனைவிக்கு அப்போது ஏழாம் மாதம். வளைகாப்பு முடிந்ததும் அவளைக் கீழ்பென்னாத்தூருக்கு, தாய்வீட்டுக்கு, இந்தக் காரிலேயே கொண்டுவந்து விடுவதாக மாமனாரிடம் வாயை விட்டுவிட்டேன். "பஸ்ஸே போதுங்க மாப்ள" என்றார் அவர். எனக்கு ரோஷம் ஜாஸ்தி.

மெட்ராஸில் பழைய இரும்புக் கடைகளில் இன்ஜினுக்குப் பாகங்கள் தேடி ஒரு நாள் முழுக்க அலைந்தேன். பளபளப்பை நம்பவில்லை. சிலிண்டருக்குள் விரல் நகத்தை ஓட்டி, கீறல் தட்டியதையெல்லாம் தள்ளினேன். ரிங்கும் பேரிங்கும் மட்டும் புதிதாக வாங்கினேன். நான்கு பிஸ்டனும் ஒரே எடையாக இருக்கவேண்டுமே என்று தெருமுனை மளிகைக் கடைத் தராசில் இரண்டிரண்டாக வைத்துப் பார்த்தேன்.

"இத்த இன்னா கொயம்புல போடுவீங்க?" என்றார் கடைக்காரர்.

இன்ஜினைச் சுற்றி மூடியிருந்த தகரங்கள்தான் எனக்குப் பிடிக்கவில்லை. துரு வேறு. இந்த ஊர் வெயிலில் இன்ஜினுக்குச் சட்டை எதற்கு, நாலு பக்கமும் காற்று படட்டும் என்று கழற்றிப் போட்டேன். அவற்றை மனைவி எடுத்துப்போய்க் கொல்லையில் வெந்நீர் அடுப்புக்கு மறைப்பாக வைத்துக்கொண்டாள்.

ஒன்பதாம் மாதம் வளைகாப்பு நடந்தது. கை நிறைய வளையலோடு அவளும், கூடவே மாமனாரும் ஏறினார்கள். பாதி வழியில் இன்ஜின் கடகடவென்று தட்டி, எண்ணெய் கருகி, நின்றேவிட்டது. ராகு காலம் தொடங்குவதற்குள் வீடு சேரவேண்டும். அந்த வழியே வந்த பஸ்ஸுக்கு மாமனார் கை காட்டினார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

ஏறப்போன மனைவி திரும்பி நின்றாள். "அந்தத் தகரத்த ஏங்க கயட்டினீங்க? மறைப்பு வச்சப்புறம்தான் நம்ம அடுப்புல காத்து நேரா வெறகுக்குப் போவுது. இதுக்கும் அதுக்குத்தான இருந்திருக்கும்?"

"நீ போய் அடுப்பப் பாரு!" என்று சீறினேன். நிறைமாதக்காரியிடம், நடுரோட்டில். இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

மாட்டுவண்டியில் கட்டி இழுத்துவந்து இன்ஜினைப் பிரித்தேன். இரண்டு பிஸ்டன்கள் சிலிண்டரோடு இறுகிக் கிடந்தன. தகரம் இல்லாததால் விசிறிக் காற்று சிலிண்டர்களின் நடுவே போகாமல் வெளியே சிதறியிருக்கிறது. அவள் சொன்னது அப்படியே சரி.

மறுபடி மெட்ராஸ், மறுபடி நகம், மறுபடி மளிகைத் தராசு. கடைசியில் கொல்லைக்குப் போய் அடுப்போரத் தகரங்களை எடுத்து, கரியைச் சுரண்டி, தட்டி நிமிர்த்தி மாட்டினேன்.

குழந்தைக்கு மூன்று மாதமானதும் இருவரையும் அழைத்துவர அதே காரில் போனேன். வழியில் எங்கும் நிற்கவில்லை. மாமனார் வாசலுக்கு வந்து, பஸ் வரும் திசையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

மனைவி மகளைத் தோளில் சாய்த்தபடி நேராகக் காரின் பின்பக்கம் போய், மூடியைத் திறக்கச் சொன்னாள். குனிந்து பார்த்தாள். தகரத்தின் ஓரத்தில் அவள் அடுப்புக் கரி கொஞ்சம் மிச்சமிருந்தது.

"இப்ப ஏறலாம் கண்ணு" என்றாள் குழந்தையிடம்.