உறைந்த திரையில் ஒரு கிளிக்

போன மாத மழையில் நான் செய்த ஒரு தப்பை இந்த வாரம் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் வேறெதுவும் எழுத வரவில்லை.

இந்தப் பத்தி எனக்கு வாரத்தில் ஒரு நாள் வேலை. மற்ற நாட்களில் ஒரு தொண்டு அமைப்பின் சர்வரைப் பார்த்துக்கொள்கிறேன். சர்வர் கொழும்பில்... நான் மலைநாட்டில், கொட்டகலையில். மண்சரிவு அபாயம் என்றால் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் இருக்கும் குடும்பங்களின் போனுக்கு மெசேஜ் அனுப்புவது அந்த சர்வர்தான்.

அதற்குள் போக இரண்டு வழி. ஒன்று, ரிமோட் டெஸ்க்டாப் — சர்வரின் திரை அப்படியே நம் கண்முன் வரும். மவுஸால் கிளிக் செய்யலாம். இன்னொன்று, எழுத்து மட்டும் ஓடும் கறுப்பு ஜன்னல். அதில் டெர்மினல் மல்டிபிளெக்ஸர் என்ற ஒன்றைத் திறந்து வேலையைத் தொடங்கிவிட்டால், நம் இன்டர்நெட் லைன் அறுந்தாலும் வேலை அங்கே ஓடிக்கொண்டே இருக்கும். திரும்பப் போய் விட்ட இடத்தில் பிடித்துக்கொள்ளலாம்.

என்னோடு வேலை செய்யும் பஸ்லியா, ஹட்டனில் இருப்பவள், கறுப்பு ஜன்னல் கட்சி. "நம்ம மழைக்கு இதுதாண்ணே சரி. படம் வர்ற அளவுக்கு லைன் எங்க இருக்கு?" என்பாள். எனக்கோ பட்டனைக் கண்ணால் பார்த்தால்தான் நிம்மதி.

போன மாதம் அந்த மழை நாளின் காலை, அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்கான மண்சரிவு எச்சரிக்கை எங்களுக்கு வந்தது. ரிமோட் டெஸ்க்டாப்பில் 'அனுப்பு' பட்டனை அழுத்தினேன். திரை உறைந்தது. சிறிது நேரம் பார்த்தேன். அதே பட்டன், அதே இடத்தில். வேலை செய்யவில்லையோ? இன்னொரு முறை அழுத்தினேன்.

உண்மையில் அங்கே அந்தப் பட்டன் 'நிறுத்து' என்று மாறியிருந்தது. நான் பார்த்துக்கொண்டிருந்தது பழைய படம்.

லைன் முழுதாக அறுந்தது. இருபது நிமிடம் போராடிவிட்டு பஸ்லியாவுக்குப் போன் செய்தேன். அவள் கறுப்பு ஜன்னல் வழியாக உள்ளே போய்ப் பார்த்தாள்.

"அண்ணே... பாதியோட நிக்குது. யாரோ நிறுத்தியிருக்காங்க."

"யாரோ இல்ல. நான்தான்."

"சரி, அத அப்புறம் பேசுவோம்" என்று மல்டிபிளெக்ஸரில் மீதிப் பட்டியலை ஓட விட்டாள். அவளுடைய லைனும் இரண்டு முறை அறுந்தது. வேலை நிற்கவில்லை. கடைசி நம்பர் வரை போனது.

அந்தத் தோட்டத்தின் கடைசி லயத்தின் மேல் மண் சரிந்தது. உள்ளே யாரும் இல்லை.

மழை விட்டதும் அங்கே போனேன். குடும்பங்கள் எல்லாம் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தன. கொழுந்து பறிக்கும் செல்வமணி சொன்னார்: "மெசேஜப் பாத்ததும் மாமியாரத் தூக்கிக்கிட்டு எறங்குனோங்க. பாதி வழிதான் வந்திருப்போம்... பின்னால மண்ணு வர்ற சத்தம்."

அவருடைய நம்பர், பட்டியலின் பின்பாதியில்.

இப்போது நானும் கறுப்பு ஜன்னலுக்கு மாறிவிட்டேன். ரிமோட் டெஸ்க்டாப் மேல் குற்றமில்லை. நல்ல லைன் இருக்கும் நாளுக்கு அது வசதி. ஆனால் ஆபத்து வரும் நாளில் லைன் நன்றாக இருக்குமா என்ன?

அன்று பள்ளிக்கூடத்தில் செல்வமணியிடம் மறைக்க முடியவில்லை. "மெசேஜ் இருபது நிமிசம் முந்தியே வந்திருக்கணும்ங்க. நான் தப்பா நிறுத்திட்டேன்" என்றேன்.

அவர் திட்டவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. சொன்னது இதுதான்:

"அடுத்த தடவ சீக்கிரமா அனுப்புங்க."