தோட்டத்தில் மனிதனை வைத்தது ஏன்?

கவ்வாத்து வெட்டிப் போட்ட தேயிலைக் குச்சி எரியும்போது வரும் புகை கண்ணைக் கரிக்கும். ஆனாலும் இடுக்கி மலைக் குளிரில் எஸ்டேட் கொடுத்த வரிசை வீடான எங்கள் "லயத்து" அடுப்பை விட்டு நானும் அக்காவும் நகரமாட்டோம். பள்ளியின் கடைசி வகுப்பில் இருந்த அக்கா அங்கேதான் ஒரு கிரேக்கக் கதையைச் சொன்னாள்: ஒரு தேவன் களிமண்ணைப் பிசைந்து மனிதனைச் செய்தானாம், அவன் படும் பாட்டைப் பொறுக்காமல் வானத்து நெருப்பைத் திருடிக் கொடுத்துத் தண்டனையும் வாங்கிக்கொண்டானாம். ஞாயிறு வகுப்பில் நான் கேட்டிருந்த எபிரேயக் கதையிலும் மனிதன் மண்தான். ஆனால் அவனுக்கு ஒரு தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை இருந்தது, சொல் மீறியதும் அங்கிருந்து வெளியேறவும் வேண்டியிருந்தது.

அக்காவுக்குக் கிரேக்கக் கதைதான் பிடித்தது. "இதுல மனுசனுக்கு வேலையே போடல, பாருட்டி," என்பாள்.

அந்த மழைக்காலத்தில் அம்மாவுக்கு மூச்சிரைப்பு முற்றி, கொழுந்து எடுக்க முடியாமல் போனது. அப்பா முன்பே இறந்திருந்தார். வீட்டில் ஒருவராவது "பேர் பதிந்து" வேலைக்கு இறங்காவிட்டால் லயத்தைக் காலி செய்ய வேண்டும் என்பது எஸ்டேட் வழக்கம். எனக்கு ஒன்பது வயது. நர்ஸ் படிப்புக்கு வாங்கி வைத்திருந்த விண்ணப்பத் தாளை மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு, அக்கா இடுப்பில் "படங்கு" சாக்கைக் கட்டிக்கொண்டு கொழுந்தெடுக்கப் போனாள்.

அதே மாதம் ஞாயிறு வகுப்பில் பரீட்சை வைத்தார்கள். கடவுள் மனிதனைத் தோட்டத்தில் வைத்தது ஏன் என்ற கேள்விக்கு, "அவங்க லயம் போயிடாம இருக்க" என்று கொஞ்சமும் யோசிக்காமல் எழுதினேன். வாத்தியார் சிவப்பு மையால் அடித்துவிட்டார். தாளைப் பார்த்து அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு அடுப்புப் பக்கம் திரும்பி உட்கார்ந்து, புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "புள்ள சரியாத்தான எழுதிருக்கு," என்றாள் அம்மா. அக்காவை அழவைத்துவிட்டோமே என்று எனக்கு வெட்கமாகப் போயிற்று.

அக்காவின் உழைப்பில் படித்து, இன்று மலைக்குக் கீழே நல்லேப்பிள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். அம்மா போய்ப் பல வருடமாகிறது. அக்கா கல்யாணமே செய்துகொள்ளவில்லை. போன வருடம் அவள் ஓய்வு பெற்றதும், பேர் பதிய ஆளில்லாமல் லயம் கைவிட்டுப் போயிற்று. அந்த விண்ணப்பத் தாளும் என் விடைத்தாளும் எங்கே போயினவோ தெரியாது. என் வீட்டில் கேஸ் அடுப்பு, புகை கிடையாது.

அக்கா என் வீட்டுக்கு வந்த மறுநாள் விடியுமுன்பே குளித்துத் தலைசீவி, சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"எனக்கு இங்க என்ன வேலட்டி?"

"ஒண்ணுமில்லக்கா. சும்மா இரு."

"அப்ப எப்படி என்னைய இங்க இருக்க விடுவீக?" என்று கேட்டாள்.