முதுகுப் பக்கம் வந்த தண்ணீர்

என்னைப் போல யார் சொல்லும் கேட்காதவர்கள் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

மேற்கு மாம்பலத்திலிருந்து நான், கணவர், மகள் மூவரும் மகாபலிபுரத்துக்கும் தெற்கே ஒரு கழிமுகத்துக்குப் போனோம். ஊரே கிடையாது, விடுமுறைக்கு வாடகைக்கு விடும் ஏழெட்டு வீடுகள்தான். எதிரே அழகான மணல்திட்டு. கணுக்கால் தண்ணீரில் நடந்தே போகலாம்.

நண்டு பிடிக்கும் பெண் ஒருத்தி படகிலிருந்து கத்தினாள்: "யக்கா, போவாத! தண்ணி ஏறுற நேரம்!"

"இருபது வருஷமா மெரினாவுக்குப் போறேன், எனக்கே சொல்றியா?" என்று பதிலுக்குக் கத்திவிட்டு, புளியோதரைத் தூக்கோடு நடந்தேன்.

மெரினாவில் தண்ணீர் முன்னாலிருந்துதான் வரும். அந்த நினைப்பில் கடலைப் பார்த்தே உட்கார்ந்து சாப்பிட்டோம். திரும்பினால், வந்த வழி ஆறாக ஓடுகிறது! எங்கள் யாருக்கும் நீச்சல் தெரியாது. திட்டு சுருங்கிக்கொண்டே வந்தது. மகள் அழுதாள். கணவரைத் திட்டக்கூட எனக்கு வாய் வரவில்லை.

அதே பெண்தான் படகைக் கொண்டுவந்தாள்.

"இன்னாக்கா, மெரினா எப்டி இருக்குது?"

முதலில் கணவர் சிரித்தார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அப்புறம் சிரிப்பு வந்தது, கரை சேரும்வரை நிற்கவில்லை. மிச்சப் புளியோதரையை அவளுக்குக் கொடுத்தேன். வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "உப்பு கம்மி" என்றாள்.

இப்போதெல்லாம் எந்தத் தண்ணீரில் கால் வைக்கும் முன்பும் அங்கே பிழைப்பவர்களைக் கேட்கிறேன். வேண்டாம் என்றால் வாயை மூடிக்கொண்டு கரையிலேயே உட்கார்ந்துவிடுகிறேன். புளியோதரைக்கு உப்பும் கொஞ்சம் கூட்டித்தான் போடுகிறேன்.