எதிர்வீட்டுக்குக் கல்யாணமாகிப் போனவள்

அப்போது கம்பம் பக்கத்துக் கல்யாண வீடுகளிலெல்லாம் கிராமபோனில் ஒரே பாட்டுத்தான்: பிறந்த வீட்டை விட்டுப் போகும் பெண் பாடுவது. அக்காவை உத்தமபாளையத்துக்குக் கட்டிக்கொடுத்தபோது அதை வைத்தார்கள், தெருவே அழுதது. என்னைத் தாய்மாமனுக்குக் கட்டினார்கள். மாமன் வீடு எங்கள் எதிர்வீடு. அதே பாட்டை வைத்ததும் பந்தலே சிரித்தது.

அதன்பின் அக்கா வந்தால் அம்மா கோழி அடிப்பாள். கூப்பிட்ட குரலுக்கு ஓடிப்போய் மசாலா அரைப்பவள் நான். அக்கா திரும்பிப் போகும்போது காப்பிக் கடையில் அந்தப் பாட்டு ஓடினால் போதும், அம்மா கண்ணைத் துடைக்க முந்தானையை எடுத்துவிடுவாள். ஒருமுறை எனக்கும் அழுகை முட்டியது.

"நீ ஏன்டி அழுகுற? நீதான் இங்கனயே கெடக்கியே" என்றாள் அம்மா.

இன்றைக்கும் அந்தப் பாட்டுக்கு ஊரே உருகுகிறது. எனக்கு வயிறு எரிகிறது.