ஆவணி வரைக்கும் காத்திருந்த அப்பீலு

ஏம்மா, நீ கோட்டு வாங்கி ஆறு மாசம் ஆவல, பழைய வக்கீலு கத உனக்கு இன்னாத்துக்கு? போயி உன் கேஸு கட்டப் பாரு. போவ மாட்டியா? சரி, டீ ஆறறதுக்குள்ள சொல்லிட்றேன். வெளிய போயி கொட்டாத. அதுக்குத்தான் நான் இருக்கறனே.

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால அவரு ஆபீஸு. இருவது வருசம் கூட்டறது, டீ வாங்கியாறது எல்லாம் நாந்தான். படிப்பு ரெண்டாங்கிளாஸு. ஆனா கெடுன்னா இன்னான்னு தெரியும். கட்சிக்காரங்ககிட்ட தெனம் அவரு கத்தறதுதான: "ஒரு நாளு தாண்டுனாலும் கேஸு செத்துச்சு. சாவு வூட்டுக்கு டாக்டர கூட்டியாந்து இன்னா பண்ணுவ?"

தொண்டூர்க்காரரு ஒருத்தரு எங்க சார்கிட்ட குடுத்த கெரயப் பத்திரம் காணாமப் போச்சு. எதிர்க்கட்சிகிட்ட சார் வித்துட்டாருன்னு அந்தத் தொண்டூர்க்காரரு பார் கவுன்சிலுக்கு எழுதிப் போட்டாரு. விசாரிச்சாங்க. ரெண்டு வருசம் கோட்டு போடக் கூடாதுன்னு ஆர்டரு, வைகாசி கடைசியில ரெஜிஸ்டர் தபால்ல வந்துச்சு. அப்பீலு போட அறுவது நாளு.

ஆனியில பீரோவ நவுத்திக் கூட்டறேன், செவுத்தோட ஒட்டிக்கினு கெடக்குது பத்திரம், பல்லி முட்டையோட. குடுத்தேன். மனுசன் அழுதுட்டாரு.

"அஞ்சல, என் மானத்த காப்பாத்திட்ட."

"இன்னிக்கே அனுப்புங்க சார்."

எழுதி முடிக்கறதுக்குள்ள ஆடி பொறந்துருச்சு. "இவ்ளோ நல்ல ஆதாரத்த ஆடியில கொண்டுபோயி கெடுப்பாங்களா? ஆவணி மொத முகூர்த்தத்துல போட்டா நிக்கும்."

"அப்பீலுக்கு இன்னா தாலியா கட்டப் போறீங்க?"

"நீ போயி டீ வாங்கியா."

ஆடி கடைசியிலயே அறுவது நாளு முடிஞ்சிருச்சு. ஆவணியில மஞ்சா தடவி அனுப்புனாரு. பன்னெண்டு நாளு லேட்டு. அப்பறம் ஒரு பேப்பர நீட்டுனாரு.

"இதுல கையெழுத்துப் போடு."

"இன்னா எழுதியிருக்குது?"

"ஆர்டரு வந்த தபால நீ வாங்கி வச்சிட்டு மறந்துட்டன்னு."

"தபால்காரன் அட்டையில இருக்கறது உங்க கையெழுத்து சார். அத என்னுதுன்னா யாரு நம்புவாங்க? நானும் பொய் சொல்றவதான், மருமவகிட்ட தெனம் சொல்றேன். இதுல வேணாம். இதுல பொய்யின்னு ஆச்சுன்னா, பத்திரத்த பீரோ பின்னால எடுத்தேன்னு நான் சொல்றதயும் பொய்யிம்பாங்க."

பேப்பர புடுங்குனாரு. கிழிச்சுப் போட்டுட்டாரு.

லேட்டானதுக்கு ஒடம்பு சரியில்லன்னு காரணம் எழுதுனாரு. விசாரண கம்ப்யூட்டர்ல. நான் கதவாண்ட டீயோட நிக்கறேன். "ஒவ்வொரு நாளுக்கும் காரணம் சொல்லுங்க"ன்னு கேட்டாங்க. இவருக்கு பன்னெண்டுல ஒரு நாளுக்குக் கூட வாயில வரல. தாமசம், தள்ளுபடின்னு முடிச்சிட்டாங்க. பத்திரம் மேச மேலதான் கெடந்துச்சு. காட்டுன்னு யாரும் கேக்கல.

சண்ட போட்டுத் தோக்கறது ஒண்ணு, வாயத் தொறக்காமயே தோக்கறது வேற. இதான் நான் கத்துக்கினது. ஆதாரம் கைக்கு வந்துச்சா, பஞ்சாங்கத்த மூடிட்டு பஸ்ஸப் புடி.

எங்க தெருவுல வுடுவாளுங்களா? "இன்னாக்கா, உங்க வக்கீலு பத்திரத்த வித்துத் தின்னுட்டாராமே?"

கொழாயடியில கொடத்த எறக்கி வச்சேன். "ஒக்காருங்கடி. பத்திரம் பீரோ பின்னால இருந்துச்சு, எடுத்தவ நானு. மேல இருக்கறவங்க அதக் கேக்கல, நீங்க கேளுங்க. கொழாயடியில கெடு கெடயாது."